பராமரிப்பில் தலைமைத்துவம்: ஒரு தகைமைச் சான்றிதழ் தருவதும் தராததும்

சில வாரங்களுக்கு முன்னர் கப்பல்துறையைச் சேர்ந்த ஓர் இளம் பெண்ணும், கிண்ணியாவைச் சேர்ந்த அவருடைய தோழியும், தோழியின் தந்தையாரும் எம்மைச் சந்திக்க வந்திருந்தனர். முதலாமவர் ஆறு ஆண்டுகளாக முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராகப் பணியாற்றுகின்றவர். மற்றையவர் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கின்றவர். அவர்கள் கையில் வண்ணத் துண்டுப்பிரசுரமொன்று இருந்தது. சுகாதாரம் மற்றும் சமூகப் பராமரிப்பில் தலைமைத்துவ டிப்ளோமா, ஐந்தாம் மட்டம், பிரித்தானிய அங்கீகாரம், ஆறு மாத காலம், வீட்டிலிருந்தபடியே கற்கலாம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அடியில் ஒரு விமானத்தின் படம்.

“சேர், இதப் படிச்சா புள்ளைக்கு லண்டன்ல வேல கெடைக்குமா? காணிய ஈடு வைக்க முந்தி ஒருக்காக் கேட்டுட்டுப் போவம் எண்டு வந்த” என்றார் அந்தத் தந்தையார்.

கிழக்கிலும் வடக்கிலும் இன்று பல வீடுகளில் கேட்கப்படுகின்ற கேள்வி இது. பிரசுரத்தை வெளியிட்ட நிறுவனம் எதுவென்பது இங்கு முக்கியமன்று. இத்தகைய தகைமை உண்மையில் என்ன, எதற்காக அது உருவானது, அதனை எவ்வாறு பெறவேண்டும், நமது மாவட்டத்துக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை வாசகர்களுக்கு விளக்குவது பயனுள்ளதென்று கருதுகின்றோம்.

முதலில் அந்த ‘ஐந்து’ என்ற இலக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் தொழில்சார் தகைமைகளும் பொதுக் கல்வித் தகைமைகளும் நுழைவு மட்டம் தொடங்கி 1 முதல் 8 வரையான படிகளில் வைக்கப்பட்டுள்ளன. அங்கு உயர்தரப் பரீட்சை மூன்றாம் படி. இளமாணிப் பட்டம் ஆறாம் படி. ஆகவே ஐந்து என்பது பட்டத்துக்கு ஒரு படி கீழே நிற்பது. இலங்கையின் தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் உள்ளவை ஏழு படிகள். அதில் ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவதே பட்டம். இரண்டிலும் ஐந்து என்றே எழுதப்பட்டிருந்தாலும் இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. “அங்கே ஐந்து, இங்கேயும் ஐந்து” என்று விளம்பரங்கள் சமன் போடும்போது இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்புத் துறைக்கெனத் தலைமைத்துவத் தகைமை ஒன்று ஏன் தேவைப்பட்டது? அதற்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 2000 பெப்ரவரியில் விக்ரோறியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்ப்பதாகக் கூறி ஐவரிகோஸ்டிலிருந்து அழைத்துவந்த உறவுப் பெண்ணினதும் அவரது துணைவரினதும் சித்திரவதையால் லண்டனில் உயிரிழந்தாள். சமூக சேவை அலுவலகங்கள், பொலிஸ், வைத்தியசாலைகள் ஆகிய அனைத்தும் அச்சிறுமியை முன்னரே கண்டிருந்தன. 2003 இல் வெளியான லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது பன்னிரண்டு தவறவிடப்பட்டதாகக் கணக்கிட்டது. வீட்டுக்கதவைத் தட்டிய இளநிலை ஊழியரைவிட, அவருக்கு மேலே இருந்துகொண்டு கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்காத முகாமையாளர்களையே அவ்வறிக்கை கடுமையாகச் சாடியது.

2011 இல் பிறிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் நிலையத்தில், மனவளர்ச்சிக் குறைபாடுடையோர் ஊழியர்களால் அடித்துத் துன்புறுத்தப்படும் காட்சிகளை பிபிசி இரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. மத்திய ஸ்ரபோர்ட்ஷயர் வைத்தியசாலையில் நோயாளர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தமை பற்றி 2013 இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகளை முன்வைத்தது. பணமும் கட்டடமும் சட்டமும் உள்ள நாட்டிலேயே இவை நிகழ்ந்தன. பொறுப்பிலிருந்தவர்கள் தமது பொறுப்பு என்னவென்று அறியாதிருந்தமை, அல்லது அறிந்தும் கண்ணை மூடிக்கொண்டமை, இம்மூன்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றது.

2009 முதல் இங்கிலாந்தில் பராமரிப்பு நிலையங்களைப் பதிவு செய்து பரிசோதிக்கும் பணியைப் பராமரிப்புத் தர ஆணைக்குழு செய்துவருகின்றது. நிலையத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட ஒரு பதிவு பெற்ற முகாமையாளர் இருக்கவேண்டும். தவறு நேர்ந்தால் சட்டத்தின் முன் பதில் கூறவேண்டியவர் அவர். அத்தகையோருக்காகவே 2011 அளவில் ஐந்தாம் மட்டத் தலைமைத்துவ டிப்ளோமா நடைமுறைக்கு வந்தது. பின்னர் பெயரும் பாடத்திட்டமும் மாறி, முதியோர் மற்றும் வளர்ந்தோர் பராமரிப்புக்கென இன்று தனியாக வழங்கப்படுகின்றது.

இனி, அந்தப் பிரசுரத்தில் எழுதப்படாமல் விடப்பட்ட விடயத்துக்கு வருவோம். இத்தகைமைக்குப் பரீட்சை மண்டபம் இல்லை. மாணவர் ஏற்கனவே ஒரு பராமரிப்பு நிலையத்தில் பொறுப்பான பணியில் இருக்கவேண்டும். மதிப்பீட்டாளர் ஒருவர் அவர் பணிசெய்வதை அவதானிப்பார். ஊழியர் கூட்டத்தை எவ்வாறு நடத்துகின்றார், முறைப்பாடு ஒன்றை எவ்வாறு விசாரிக்கின்றார், ஒரு முதியவர் கட்டிலிலிருந்து விழுந்த மறுநாள் என்ன மாற்றம் செய்தார் என்பவை சான்றுகளாகக் கோப்பில் சேர்க்கப்படும். சக ஊழியரின் சாட்சியம், எழுதிய திட்டம், செய்த தவறு பற்றிய சுயமதிப்பீடு ஆகியனவும் அதில் அடங்கும். நீந்தத் தெரியுமென்பதைத் தண்ணீரில் இறங்கியே காட்டவேண்டும் என்பது போன்றது இது.

ஆகவே பராமரிப்பு நிலையமொன்றின் வாசற்படியை மிதிக்காத ஒருவர் வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் இத்தகைமையைப் பெறுவது இயலாது. ஒத்த பெயருடன் வேறு பாடநெறிகள் உள்ளன என்பதும் உண்மையே. கட்டுரைகள் எழுதிச் சமர்ப்பித்து அறிவை மட்டும் மதிப்பிடும் அவை, மேற்படிப்புக்கு ஒரு வழியாகப் பயன்படலாம். அவற்றைப் போலியென்று தள்ளிவிடுவது நியாயமன்று. ஆனால் முகாமையாளராகப் பணியாற்றும் தகுதியை மெய்ப்பிக்கின்ற தகைமையும் அவையும் ஒன்றல்ல. பணம் செலுத்துவதற்கு முன்னர், இப்பாடநெறியில் வேலைத்தல மதிப்பீடு உண்டா, சான்றிதழை வழங்குவது எந்த அமைப்பு, அவ்வமைப்பின் பெயர் இங்கிலாந்தின் தகைமை ஒழுங்குபடுத்தும் நிறுவனமான ‘ஒப்குவல்’ பதிவேட்டில் உள்ளதா என்று கேட்கவேண்டும். அப்பதிவேடு இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. உயர்தரம் படித்த பிள்ளை பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

விமானத்தின் படத்துக்கும் பதில் கூறியாக வேண்டும். 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பாளர்களுக்கு விசா வழியைத் திறந்தது. பல நாடுகளிலிருந்தும் பெருந்தொகையானோர் சென்றனர். அங்கு சென்றபின் வாக்களித்த வேலை இல்லாமல் தவித்தோரும் உளர். 2024 மார்ச்சில் பராமரிப்பாளர்கள் குடும்பத்தினரை அழைத்துச் செல்வது தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களைச் சேர்க்கும் வழி மூடப்பட்டது. அதே நாளில், திறன்சார் தொழிலாளர் விசாவுக்குரிய தொழில்களின் தரமும் பொதுவாகப் பட்டத் தகைமை அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஐந்தாம் மட்டம் அதற்குக் கீழே நிற்கின்றது. இவற்றை விளக்கியபோது தந்தையார் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. ஈடு வைக்கவிருந்தது அவரது மனைவியின் சீதனக் காணி என்பது பின்னர் தெரிந்தது.

இத்துடன் இக்கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் விசா கிடைக்காது என்பதனால் அந்தப் படிப்பின் உள்ளடக்கமே நமக்கு வேண்டாததாகிவிடுமா? கப்பல்துறைப் பெண் ஆறு ஆண்டுகளாகச் செய்துவரும் பணியைப் பற்றி நாம் கேட்டறிந்தபோது எமக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் பணியாற்றும் இல்லத்தில் அன்பு உண்டு, சோறு உண்டு, தர்ம சிந்தையுள்ள பரிபாலன சபையும் உண்டு. இரவில் ஒரு முதியவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால் யாருக்கு முதலில் அறிவிப்பது என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது ஊழியர்களின் நினைவில் இருக்கின்றது. ஒருவர் விடுமுறையில் சென்றால் அந்த நினைவும் அவருடன் சென்றுவிடும். இரண்டு முதியவர்களுக்கிடையே சச்சரவு ஏற்பட்டு ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்ட சம்பவமொன்று, இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்பதற்காக எழுதப்படாமலேயே விடப்பட்டது. எவரும் தீயவர்கள் அல்லர். பொறுப்பை எவ்வாறு ஏற்பது என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அந்த டிப்ளோமாவில் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் இவையே. பராமரிப்பில் உள்ளவரைத் துன்புறுத்தலிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் பாதுகாத்தல், ஆபத்தை முன்கூட்டி மதிப்பிடல், பதிவேடு பேணல், முறைப்பாட்டை அவமானமாகக் கருதாமல் தகவலாக ஏற்றல், வைத்தியசாலை முதல் பொலிஸ் வரை ஏனைய நிறுவனங்களுடன் இணைந்து செயற்படல் ஆகியன அதில் அடங்குகின்றன. இவற்றுள் எம்மைக் கவர்ந்தது ‘மேற்பார்வை அமர்வு’ என்ற எளிய ஏற்பாடாகும். பொறுப்பாளர் ஒவ்வொரு ஊழியருடனும் குறித்த கால இடைவெளியில் தனியாக அமர்ந்து பேசவேண்டும். எந்த முதியவரைப் பராமரிப்பது கடினமாக உள்ளது, ஏன் கோபம் வருகின்றது, முதுகுவலி எப்படி, என்ன பயிற்சி தேவை என்பவை பேசப்பட்டு இருவரும் கையொப்பமிடும் குறிப்பாக எழுதப்படும். இதற்குக் கட்டடம் வேண்டியதில்லை. வெளிநாட்டு நிதியும் வேண்டியதில்லை. இரண்டு கதிரைகளும் ஒரு கொப்பியும் போதும். ஆறு ஆண்டுகளில் தன்னிடம் எவரும் ஒருமுறையேனும் அவ்வாறு அமர்ந்து பேசியதில்லை என்றார் அப்பெண்.

இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்வோர் இருக்கக்கூடும். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. அங்கிருந்த ஆதுலர் சாலையில் பதினைந்து கட்டில்கள். மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பராமரிக்கும் பெண்கள், தண்ணீர் வார்ப்பவர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் அமைத்த மாரிஸ்தான் வக்பு சொத்தில் இயங்கியது. வக்பு முறையில் மருத்துவம் செய்பவர் ஒருவர். சொத்தையும் ஊழியரையும் கணக்கையும் மேற்பார்வை செய்யும் ‘நாழிர்’ இன்னொருவர். நோயைத் தீர்ப்பதும் நிலையத்தை நடத்துவதும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாம்தான் நல்ல வைத்தியர் நல்ல நிர்வாகியாகவும் இருப்பார், நல்ல மனிதர் நல்ல இல்லம் நடத்துவார் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

இலங்கையில் இத்துறையில் கல்வி இல்லையென்று கூறமுடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் மருத்துவ நிர்வாகத்தில் முதுமாணி, கலாநிதி நிலைப் பயிற்சிகளை வழங்குகின்றது. வைத்தியசாலைப் பணிப்பாளர்கள் பலர் அவ்வழி வந்தவர்களே. ஆனால் அது வைத்தியர்களுக்கானது, கல்விமொழி ஆங்கிலம். தாதி உத்தியோகத்தர்கள் வாட்டுக்குப் பொறுப்பானவர்களாக உயர்வதற்கு முகாமைத்துவ, மேற்பார்வைப் பயிற்சி உண்டு. களுத்துறையில் 1926 இல் ஆரம்பமான முதலாவது சுகாதாரப் பிரிவின் வழிவந்த தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் பயிற்றுவிப்பதில் நெடிய மரபுடையது. சமூக சேவைத் துறைக்கு, 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உள்ளது. 1950களில் தொடங்கிய சமூகப்பணிப் பயிற்சியே இன்று அங்கு டிப்ளோமாவாகவும் பட்டமாகவும் முதுமாணியாகவும் வளர்ந்துள்ளது. பராமரிப்பாளருக்குரிய தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் உண்டு. ஆண்டுக்கணக்காகப் பணியில் இருப்பவர்கள், முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் முறையின்கீழ் வகுப்புக்குச் செல்லாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இச்செய்தி கப்பல்துறைப் பெண்ணுக்குப் புதிதாக இருந்தது. அவரது இல்லத்தின் பரிபாலன சபைக்கும் புதிதாகவே இருக்குமென எண்ணுகின்றோம்.

இடைவெளி எங்குள்ளது என்பது இப்போது தெளிவாகும். உச்சியில் வைத்தியருக்குத் தலைமைத்துவக் கல்வி உண்டு. அடியில் பராமரிப்பாளருக்குத் தொழிற்பயிற்சி உண்டு. முதியோர் இல்லம், சிறுவர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையம் ஆகியவற்றை அன்றாடம் நடத்துகின்ற நடுத்தட்டுப் பொறுப்பாளருக்கு, அதுவும் தமிழ்மொழியில், கைக்கெட்டும் தூரத்தில், பணியிலிருந்தபடியே கற்கக்கூடிய ஒழுங்கான பாடநெறியைக் காண்பது அரிது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களின் பதிவு பற்றிப் பேசுகின்றது. பதிவு பற்றி நாம் காட்டும் அக்கறையைப் பொறுப்பாளரின் தகுதி பற்றியும் காட்டவேண்டிய காலம் வந்துவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன்பின்னர் அவ்வீதம் ஏறியதேயன்றி இறங்கவில்லை.

“எங்கட சனத்தில முதியோர் இல்லம் எதுக்கு? உம்மாவ வாப்பாவ நாமதானே பாக்குற” என்று கிண்ணியாத் தந்தையார் இடையில் கூறினார். தமிழ்க் குடும்பங்களிலும் இதே சொல்லைக் கேட்கலாம். அது பெருமைக்குரிய எண்ணம். குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் பார்ப்பது யார்? மூத்த மகள் குவைத்தில் வேறொருவருடைய தாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். மருமகள் வைத்தியசாலையிலோ கடையிலோ வேலை. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் திருகோணமலை மாவட்டத்தில் ஊர்தோறும் உண்டு. வீட்டில் சம்பளமின்றிப் பெண் செய்யும் வேலையாகவே பராமரிப்பு கருதப்பட்டு வந்தமையால், அதற்குக் கல்வி வேண்டும், தலைமை வேண்டும் என்ற எண்ணமே நமக்குள் எழவில்லை போலும். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதானாலும், பாரிசவாதம் வந்த தந்தையாரைத் திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலிருந்து மூதூருக்கு அனுப்பும்போது, அவருக்கு உடற்பயிற்சி அளிப்பவர், சக்கர நாற்காலி பெற்றுக்கொடுப்பவர், கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பவர் ஆகிய மூவரையும் ஓரிடத்தில் இணைப்பவர் ஒருவர் வேண்டும். சுகாதாரம் ஒரு திணைக்களம். சமூக சேவை இன்னொன்று. பிரதேச செயலகம் வேறொன்று. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் ஊர்களுக்கிடையிலான தூரம் குறைந்தது. திணைக்களங்களுக்கிடையே இன்னும் படகில்தான் போகவேண்டியிருக்கின்றது.

அனர்த்த காலத்தில் இது உயிர்ப்பிரச்சினையாகிவிடுகின்றது. 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் அழித்ததை இம்மாவட்டத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகி மூதூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. அதே நாட்களில் குருநாகல் மாவட்டத்தில் முதியோர் இல்லமொன்று வெள்ளத்தில் மூழ்கி அங்கிருந்தோர் பலர் உயிரிழந்தனர். யாரையும் குற்றஞ்சாட்ட நாம் முனையவில்லை. அந்த நீரின் வேகம் எவரையும் மிஞ்சியிருக்கலாம். ஆனால் நமது மாவட்டத்து இல்லங்களில், நள்ளிரவில் நீர்மட்டம் உயருமானால் படுக்கையிலிருப்போரை எப்போது, எங்கே, எந்த வாகனத்தில் மாற்றுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? தலைவர் ஊரில் இல்லையெனில் அடுத்தவர் யார்? இதற்கான விடை ஒரு தாளில் எழுதப்பட்டு சுவரில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அதனை எழுதப் பழக்குவதுதான் தலைமைத்துவக் கல்வி.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தபின் தேர்தல் பிற்போடப்பட்டு, மாகாணம் நெடுங்காலம் ஆளுநரின் கீழேயே நிர்வகிக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் சமூக சேவைகள் திணைக்களமும் திருகோணமலையிலேயே இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சித்த மருத்துவம் கற்பிக்கின்றது. கப்பல்துறையிலேயே ஆயுர்வேத வைத்தியசாலை உள்ளது. இவ்வளவும் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கும்போது, வார இறுதியில் தமிழில் நடத்தப்படும் ஓராண்டுப் பாடநெறியொன்றைத் தொடங்குவது பெரிய காரியமன்று. மதிப்பீட்டாளர் வேலைத்தலத்துக்கே வந்து பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் கைவிடக்கூடாது. அதை விட்டுவிட்டால் எஞ்சுவது சுவரில் மாட்டும் இன்னொரு சான்றிதழ்தான். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் நிதியங்களும், கட்டடத்துக்குக் கல் வைப்பதுபோல், ஓர் ஊழியரின் படிப்புச் செலவையும் ஏற்கலாம். பெயர்ப்பலகையில் அது தெரியாது என்பதுதான் சிறு குறை.

வந்தவர்கள் புறப்பட்டபோது பிற்பகலாகிவிட்டது. காணி உறுதியை எடுத்துவந்த பையிலேயே மீண்டும் வைத்துக்கொண்டார் தந்தையார். அவருடைய மகள், சமூக அபிவிருத்தி நிறுவகத்துக்கு விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கப்பல்துறைப் பெண் வாசலில் நின்று, “சேர், அந்த மேற்பார்வை அமர்வு எண்டு சொன்னீங்களே, அதை எங்கட இடத்தில தொடங்க யாரிட்டக் கேக்கோணும்?” என்றார். மாகாண சமூக சேவைகள் திணைக்களத்துக்கு ஒரு கடிதமும், தமது பரிபாலன சபைத் தலைவருக்கு அதன் பிரதியொன்றும் எழுதுமாறு கூறினோம். கடிதத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றோம்.